எந்த ஊர்ச் சட்டம்?
(குற்றாலத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வழக்கறிஞன் அல்லாத ஒருவன், வழக்கறிஞர் பலர் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சபையில், சட்டத்தைப் பற்றிப் பேச முன்வருவது துணிச்சல் என்று சிலருக்குத் தோன்றலாம். அடங்கலோடும் அ-பதிவேட்டோடும் புலப்படத்தோடும் உத்தியோக காலத்தைக் கழித்தவன் நான். எனக்குச் சட்டம் வந்தது கல்லூரிப் படிப்பினால் அன்று, மனுவோடு வந்து நிற்பவர்களுக்கு ஏதேனும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தினால். ஆகவே, வக்கீல் தொழிலில் இல்லாத ஒருவர் தமக்கு நேர்ந்த ஒரு காரியத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தாமே தேடி அறியத் தொடங்கும் வழி யாது என்பதையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். தாமே வாதாடும் வழி அன்று. அது வேறு சாமர்த்தியம்.

இந்தப் பொருளுக்குக் குற்றாலம் பொருத்தமான ஊரே. இங்கே வாழ்ந்து இங்கேயே மறைந்த ரசிகமணி டி.கே.சி. பி.எல். பட்டம் பெற்றவர், இந்து அறநிலைய வாரியத்தில் கமிஷனராகவும் இருந்தவர். ஆனால் தமிழுலகம் அவரை நினைவில் வைத்திருப்பது சட்டத்துக்காக அன்று, ஒரு செய்யுளைச் சொல் சொல்லாக நிறுத்தி, எந்தச் சொல் எதற்காக அங்கே வந்தது என்று கேட்டுக் கேட்டுப் படித்த அந்த நிதானத்துக்காக. அந்த நிதானமே சட்டம் படிப்பவனுக்கும் முதல் யோக்கியதை என்பது என் அபிப்பிராயம். தொல்காப்பியச் சூத்திரங்களுக்குச் சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் உரை கண்ட முறையைச் சற்றே அறிந்த தமிழ் மாணவனுக்கு, பொதுவிதி ஒன்று கூறிப் பின் விலக்கு ஒன்று கூறுவதும், முன் அதிகாரத்தில் வரையறுத்த சொல் பின்னும் அதே பொருளில் வருவதும், எஞ்சியவற்றைப் புறனடையில் அடக்குவதும் புதியன அல்ல. ஒரு சட்டப் பிரிவைப் பார்த்து அவன் மிரள வேண்டிய நியாயம் எதுவும் இல்லை. மிரட்டுவது சட்டம் அன்று, அதைச் சுற்றி நாம் கட்டிவைத்திருக்கும் பயம்.

இந்தப் பயத்தைப் போக்க முயன்றவர்களுள் தமிழ்நாட்டில் முன்னோடி என்று நான் கருதுபவர், முதல் தமிழ் நாவலை எழுதியவர் என்ற முறையில் நாமெல்லாம் அறிந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் பிறந்து 1889-இல் மறைந்த அவர், தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீபாக இருந்தவர். மேல்கோர்ட்டுத் தீர்மானங்கள் ஆங்கிலத்திலேயே கிடந்து, வாதிக்கும் பிரதிவாதிக்கும் ஊமைப் புத்தகங்களாக இருந்த காலத்தில், 1805 முதல் 1861 வரையிலான தீர்மானங்களைத் திரட்டித் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்ற பெயரால் 1862-இல் வெளியிட்டார். சென்னையில் ஹைகோர்ட்டு ஏற்பட்ட ஆண்டும் அதுவே. நீதிபதியாகச் சம்பளம் வாங்கிய ஒருவர், தம் முன் வழக்காட வருபவனுக்குத் தாம் எதைக் கொண்டு தீர்ப்புச் சொல்லப் போகிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணினார் என்பதில் எவ்வளவு பெரிய நியாய புத்தி இருக்கிறது! ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தைப் பாடமாக வைத்த நாம், இந்த நூலின் பெயரைக்கூட மாணவர்களுக்குச் சொல்லாமல் விட்டது குறைதான்.

சட்டம் தெரியாது என்பது சாக்கு ஆகாது என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு என்பதைச் சொல்லுபவர் குறைவு. ஜெய்ப்பூர் சமஸ்தானத்தில் அபின் சம்பந்தமாக 1923-இல் மந்திரி சபை ஒரு தீர்மானத்தால் சட்டம் செய்து, அதை எங்கும் பிரசுரிக்காமலே வைத்திருந்து, பிற்காலத்தில் அதன்கீழ் ஹர்லா என்பவரைத் தண்டித்தபோது, நம் சுப்ரீம் கோர்ட்டு 1951-இல், ஜனங்கள் அறியும்படி வெளியிடப்படாத சட்டம் ஜனங்களைக் கட்டுப்படுத்தாது என்று கூறி அந்தத் தண்டனையை ரத்துச் செய்தது. நம் முன்னோருக்கு இது தெரியாத தத்துவமன்று. உத்தரமேரூர்ச் சபையார் தேர்தல் விதிகளைக் கோயிற் சுவரில் வெட்டிவைத்தார்கள். தென்காசிக் கோயிலை எடுத்த பராக்கிரம பாண்டியனும், பின்னாளில் அதைப் பேணப்போகிறவர்களுக்கு விடுத்த விண்ணப்பத்தைக் கல்லிலேதான் பொறித்தான். எழுதி வெளியே வைத்துவிட்ட பிறகு அதைப் படிப்பது குடிகளின் உரிமை; கடமையும் ஆகும்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? மூலத்தில் தொடங்க வேண்டும். நண்பர் சொன்னது, பத்திர எழுத்தர் சொன்னது, பத்திரிகையில் வந்தது ஆகிய எல்லாவற்றையும் ஒருபுறம் வைத்துவிட்டு, கோர்ட்டு வட்டாரத்தில் ‘பேர் ஆக்ட்’ என்று வழங்கும் உரையில்லாத மூலச் சட்டத்தை எடுத்து, தலைப்பிலிருந்து படிக்க வேண்டும். மத்திய, மாநிலச் சட்டங்கள் ‘இந்தியா கோடு’ என்ற அரசாங்கத் தளத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மத்தியச் சட்டங்கள் சிலவற்றின் தமிழ்ப் பாடம், 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குடியரசுத் தலைவரின் அதிகாரத்தால் வெளியிடப்பட்டது; அது வெறும் மொழிபெயர்ப்பு அன்று, அதிகாரபூர்வமான பாடம். சட்டத்தோடு விதிகள் உண்டு, அரசாணைகள் உண்டு, வருவாய் நிலை ஆணைகள் உண்டு. இவை கண்ணில் படாமற்போனால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்தால், முப்பது நாளைக்குள் பதில் தர இலாகா கடமைப்பட்டிருக்கிறது.

மூலத்தைப் படிப்பது என்றால் என்ன என்பதை ஒரே ஓர் உதாரணத்தால் காட்ட விரும்புகிறேன். சிற்றாற்றுப் பாசனத்தில் வயல் வைத்திருக்கும் ஒருவர், பக்கத்து வயல் வரப்பின்மேல் முப்பது வருஷமாக வண்டி ஓட்டி வந்தவர், மூன்று வருஷத்துக்கு முன் வேலி போட்டு மறிக்கப்பட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் நடந்தால் பாதை பாத்தியம் என்று ஊரில் சொல்லுவார்கள். ஆகவே தமக்கு முப்பது இருக்கிறதே என்று அவர் நிம்மதியாக இருப்பார். 1882-ஆம் ஆண்டு ஈஸ்மெண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் அந்த இருபது வருஷம் இருப்பது உண்மையே. ஆனால் அப்பிரிவு அங்கே நின்றுவிடவில்லை. அனுபவம் அமைதியாக, வெளிப்படையாக, இடையீடின்றி, உரிமையாகவே நடந்திருக்க வேண்டும்; அயலார் அனுமதி கொடுத்து நடந்த நடை கணக்கில் சேராது. நிலம் அரசாங்கத்துடையதானால் இருபது என்பது முப்பதாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இருபது வருஷமும் வழக்குத் தொடுக்கும் நாளுக்கு முந்திய இரண்டு வருஷத்துக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். மறித்து மூன்று வருஷம் சும்மா இருந்துவிட்ட நம் அன்பர், முப்பது வருஷ நடையை வைத்துக்கொண்டும் அந்தப் பிரிவின்கீழ்த் தோற்றுப்போவார். வேறு வகைப் பாத்தியம் அவருக்கு இருக்கலாம். அதை வக்கீல் பார்த்துச் சொல்லட்டும். கடன் விஷயத்திலும் இதே கதைதான்: புரோநோட்டு மூன்று வருஷத்தில் செத்துப்போகும் என்று அறிந்தவர்களில், கெடு முடியுமுன் வட்டியில் ஒரு பகுதியைச் செலுத்திக் கையெழுத்திட்டால் அந்த மூன்று வருஷம் புதிதாகத் தொடங்கும் என்று அறிந்தவர் எத்தனை பேர்? நாம் சட்டம் அறியாதவர்கள் அல்லர், பாதிச் சட்டம் அறிந்தவர்கள். அபாயம் அதிலேதான் இருக்கிறது.

இனி, என் பேச்சின் நடுவான விஷயத்துக்கு வருகிறேன். நம் திண்ணைக்குப் புதியவர் ஒருவர் வந்தால் எந்த ஊர் என்றுதானே முதலில் கேட்போம்? சட்டத்தையும் அப்படியே கேட்க வேண்டும். நீ எந்த ஊர்ச் சட்டம், எப்போது வந்தாய், இன்னும் உயிரோடு இருக்கிறாயா என்று கேளாமல் எந்தச் சட்டத்தையும் நம்பி ஒரு காரியத்தில் இறங்கலாகாது. வேறு ஜில்லாக்காரருக்கு இது புத்தகப் புத்தியாகத் தோன்றலாம். தென்காசிக்காரருக்கு அப்படித் தோன்றக் கூடாது. ஏனென்றால் பஸ்ஸில் ஏறினால் அரைமணிக்குள் போய்ச் சேரும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் நமக்கு வேற்று ராஜ்யம். தென்காசியில் சென்னை மாகாணத்துச் சட்டம் நடந்தபோது அங்கே திருவிதாங்கூர் ரெகுலேஷன் நடந்தது. 1882-ஆம் ஆண்டின் அந்த ஈஸ்மெண்டுச் சட்டமே பிறந்தபோது சென்னை, மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கு மட்டும் உரியது. சமஸ்தானமாகிய திருவிதாங்கூரை அது தொடவில்லை.

செங்கோட்டைத் தாலுகா கொல்லம் ஜில்லாவிலிருந்து பிரிந்து நம்மோடு சேர்ந்த அன்றைக்கே அங்கிருந்த சட்டங்களெல்லாம் மாயமாய் மறைந்துவிட்டனவா என்றால், இல்லை. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு, எல்லை மாறினாலும், உரிய சட்டமன்றமோ அதிகாரியோ வேறு ஏற்பாடு செய்யும் வரையில் பழைய சட்டம் பழைய நிலப்பரப்பிலேயே நிலைக்கும் என்று சொல்லிவிட்டது. அதன் பின் 1957-இல் சென்னைச் சட்டமன்றம், ‘மாற்றப்பட்ட நிலப்பகுதி’ என்று பெயரிட்டுக் கன்னியாகுமரிக்கும் செங்கோட்டைக்கும் தன் சட்டங்களை விரிக்க ஒரு சட்டம் செய்தது. 1959-இல் தேவஸ்வங்களுக்கு ஒன்று, 1964-இல், நிலத்தின்மேல் செலுத்தப்பட்டுவந்த ஜன்மிகரத்தை ஒழிக்க ஒன்று, திருப்புவாரத்தை ஒழிக்க ஒன்று, ரயத்துவாரி ஏற்பாட்டுக்கு ஒன்று என்று தனித்தனியே செய்துகொண்டே வந்தது. ஆகவே செங்கோட்டைப் பக்கத்துப் பழைய நிலம் ஒன்றைப் பற்றித் தென்காசியில் உட்கார்ந்துகொண்டு, தென்காசிச் சட்டத்தையே வைத்து அபிப்பிராயம் சொல்லுகிறவர், நல்லெண்ணத்தோடு ஒருவரைக் கிணற்றில் தள்ளுகிறார்.

தேதி விஷயத்திலும் அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பழைய ஆதாரங்களில் கொல்லம் ஆண்டு எழுதியிருக்கும். கொல்லத்தோடு 825-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் என்று பலரும் சொல்லுவார்கள். கொல்லம் ஆண்டு பிறப்பதோ ஆகஸ்டு நடுவில். 1100 சிங்ங மாசம், அதாவது ஆவணியில், எழுதிய பத்திரம் 1924-இல் எழுதியது. அதே 1100 மிதுன மாசத்து, அதாவது ஆனி மாதத்து, பத்திரம் 1925-இல் எழுதியது. முன்னதற்கு 824, பின்னதற்கு 825. காலவரம்பு தொக்கி நிற்கும் காரியத்தில் ஒரு வருஷம் என்பது சிறிய விஷயமா? சட்டங்களுக்கே அங்கே கொல்லம் ஆண்டால்தான் எண். 1100-ஆம் ஆண்டின் 2-ஆம் ரெகுலேஷன் என்று கண்டு, ஏதோ சோழர் காலத்துச் சாசனம் என்று மலைத்துவிடாதீர்கள். அது 1925-இல் வந்த நாயர் ரெகுலேஷன்.

இந்த ஊர்க் கேள்வியும் காலக் கேள்வியும் சேர்ந்து ஒரு பெண்மணியின் வாழ்க்கையில் வந்து நின்ற விருத்தாந்தத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கோட்டயத்தில் பள்ளி நடத்தியவர் மேரி ராய். வழக்கறிஞர் அல்லர், உபாத்தியாயினி. உதகமண்டலத்தில் தம் தந்தைக்கு உரிய வீட்டில் குழந்தைகளோடு அவர் தங்கியிருந்தபோது, குடும்பத்தார் அவரை வெளியேற்றப் பார்த்தார்கள். அவர்கள் நம்பியிருந்தது 1092-ஆம் ஆண்டின், அதாவது 1916-இன், திருவிதாங்கூர்க் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம். மகனுக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்பது அதன் ஏற்பாடு. அந்தச் சட்டம் உதகமண்டலத்தில் செல்லாது என்று அங்கே அவருக்குத் தெரியவந்தது. அதுவரை அவர் கேட்டது, நீ எந்த ஊர்ச் சட்டம் என்ற கேள்வி. பிற்பாடு அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றபோது அங்கே எழுந்தது, நீ உயிரோடு இருக்கிறாயா என்ற கேள்வி. 1986 பிப்ரவரி 24-ஆம் தேதி தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பாடக்கும் கொடுத்த விடை நாட்டையே திடுக்கிட வைத்தது: பழைய சமஸ்தானங்களாகிய ‘பி’ பிரிவு ராஜ்யங்களின் சட்டங்களைப் பற்றி 1951-இல் பார்லிமெண்டு செய்த சட்டத்தினால், அந்த ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதியே 1925-இன் இந்திய வாரிசுரிமைச் சட்டம் அங்கே வந்துவிட்டது, திருவிதாங்கூர்ச் சட்டம் அன்றே மாண்டது. அதாவது, செத்துப் போன ஒரு சட்டத்துக்கு முப்பத்தைந்து வருஷ காலம் எத்தனையோ குடும்பங்கள் பெண்மக்களின் பங்கைப் படையலிட்டுக்கொண்டிருந்தன. 1951-இல் செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியே என்பதை நினைவில் வையுங்கள். அந்தத் தீர்ப்பு மலைக்கு அப்பால் உள்ளவர்களுக்கு மட்டும் உரியதன்று.

சட்டம் சாவதைப் போலவே தீர்ப்பும் சாகும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், சிறையில் அடைக்கப்பட்டவன் உயிருரிமை பேசிக் கோர்ட்டுக்கு வர முடியாது என்று நாலு நீதிபதிகள் சொல்ல, நீதிபதி கன்னா ஒருவர் மட்டும் மாறாகச் சொன்னார்; அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி, அந்தரங்க உரிமை வழக்கில், அதே சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஒரு தீர்ப்பைக் கண்டவுடன் பிரதி எடுத்துக்கொண்டு ஓடாமல், அதற்குப் பின் வந்தவை அதைப் பற்றி என்ன சொல்லின என்று பார்க்க வேண்டியது அதனால்தான். பார்க்க இப்போது பெருஞ்செலவும் இல்லை. ‘இந்தியன் கானூன்’ என்ற தளம் 2008 முதல் தீர்ப்புகளை இலவசமாகத் தருகிறது; ஒரு தீர்ப்பைப் பின்வந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்பதையும் அங்கேயே காணலாம். சுப்ரீம் கோர்ட்டும் தன் அறிக்கைத் தொகுதிகளை 2023 முதல் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. அவற்றில் தமிழாக்கம் பெற்றவையும் உண்டு. தீர்ப்பைப் பிரசுரிப்பவர்கள் அதன் தலையில் சேர்க்கும் சுருக்கம் நீதிபதி எழுதியது அன்று. அதைப் படித்துவிட்டுத் தீர்ப்பைப் படித்துவிட்டதாக எண்ணாதீர்கள். நீதிபதியின் தீர்ப்பு பொதுச் சொத்து என்பதும், பதிப்பாளரின் உழைப்பில் சொந்தச் சிந்தை கலந்த பகுதியே அவருடையது என்பதும் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-இல் தீர்ந்துபோன விஷயம். எந்தத் தீர்ப்பு எந்தக் கோர்ட்டைக் கட்டும் என்பதையும் அறிய வேண்டும். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு எல்லாக் கோர்ட்டுகளையும் கட்டும். அதற்கு அடுத்தபடி, 2004 ஜூலை முதல் மதுரையில் அமர்ந்துவரும் கிளை உள்ளிட்ட சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு தென்காசிக் கோர்ட்டைக் கட்டும். எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு மரியாதைக்கு உரியதே ஒழியக் கட்டுப்பாடு ஆகாது.

இப்பொழுது ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. கைபேசியில் செயற்கை நுண்ணறிவைக் கேட்கிறார்கள். அது வழக்கின் பெயர், வருஷம், பக்கம் எல்லாம் சரளமாகச் சொல்லுகிறது. நியூயார்க்கில் 2023-இல் வழக்கறிஞர்களே அதை நம்பி, உலகத்தில் இல்லாத தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, ஐயாயிரம் டாலர் அபராதம் கட்டினார்கள். வழி கேட்க அதைக் கேளுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததை உங்கள் கண்ணாலே பாருங்கள். கைபேசி மட்டும் அன்று, வாயில் பழகிய எண்ணும் ஏமாற்றும். பழைய தண்டனைச் சட்டத்தின் 420-ஆம் பிரிவை வைத்து ‘ஃபோர் ட்வென்டி’ என்று ஒருவனை ஏசுகிறவர்கள், 2024 ஜூலை 1 முதல் அந்த மோசடிக் குற்றம் பாரதிய நியாய சன்ஹிதையின் 318-ஆம் பிரிவு 4-ஆம் உட்பிரிவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதை அறியார்கள். ஏசுவதற்குப் பழைய எண்ணே போதும். புகார் எழுதும்போது குற்றம் நடந்த தேதி எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தாக வேண்டும். முந்திய நாளில் நடந்த குற்றத்துக்கு இன்றும் பழைய சட்டமே.

இவ்வளவும் சொன்னதனால், வக்கீல் வேண்டியதில்லை என்று சொன்னதாகப் பொருள் கொள்ள வேண்டாம். தன் வழக்கைத் தானே நடத்த எவருக்கும் உரிமை உண்டு. பிறர் வழக்கை நடத்த வேண்டுமானால், வழக்கறிஞர் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி கோர்ட்டு அனுமதித்தால்தான் உண்டு. ஆனால் காலவரம்பு நெருங்கும் வழக்கிலும், கைது நேரும் காரியத்திலும், சாட்சியை விசாரிக்க வேண்டிய இடத்திலும் புத்தகம் படித்தவன் புத்தகத்தை மூடிவிட்டு வக்கீலிடம் போவதே விவேகம். பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், காவலில் இருப்பவர், வறியவர் ஆகியோருக்கு 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். வக்கீலிடம் போகும்போது வெறுங்கையோடு போகாமல், வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் மூல ஆதாரமும், நடந்தவற்றைத் தேதி வரிசையில் எழுதிய ஒரு காகிதமும் கொண்டு போகிறவருக்கும், கண்ணீரோடு மட்டும் போகிறவருக்கும் கிடைக்கும் ஆலோசனையில் இருக்கும் வித்தியாசத்தை முன்வரிசையில் இருக்கும் வழக்கறிஞர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லுவார்கள்.

முடிக்குமுன், இந்த அறக்கட்டளையாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கு ஒரு பேச்சும் ஒரு சால்வையும் போதாது. தென்காசி நூலகத்தில் ஓர் அலமாரியை ஒதுக்கி, நிலம், வாரிசுரிமை, காலவரம்பு, ஈஸ்மெண்டு பற்றிய மூலச் சட்டங்களைத் தமிழ்ப் பாடத்தோடு வாங்கி வையுங்கள். அரசு வெளியிடும் ‘தீர்ப்புத் திரட்டு’ இதழ்களைக் கட்டிச் சேர்த்து வையுங்கள். செங்கோட்டைத் தாலுகாவில் 1956-க்கு முன் எந்தத் திருவிதாங்கூர்ச் சட்டம் இருந்தது, அது எந்தத் தேதியில் எதனால் போயிற்று, எது இன்னும் பழைய உரிமைகளைத் தீர்மானிக்கிறது என்பதை வரிசையாகக் காட்டும் பட்டியல் ஒன்றை, சட்டம் அறிந்த இளைஞர் இருவரை அமர்த்தித் தயாரிக்கச் செய்யுங்கள். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவு நடக்கும் தினத்தில் அதன் முதற்பகுதியாவது அச்சாகி, செங்கோட்டைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதும் அன்பர்கள் கைக்கு விலையின்றிப் போய்ச் சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.